விழுந்தவை எழுந்தபோது

மூன்று வருஷமாக இவள் ஈ ஓட்டுகிறாள் என்று அண்ணன் கேலி செய்வான். பெரிய பொய்யும் இல்லை. பழ ஈக்களை வளர்த்து, வயதாக விட்டு, கண்ணாடிக் குழாயில் அடைத்து வெந்நீர்த் தொட்டியில் இறக்கி, எது எத்தனையாவது நிமிஷத்தில் விழுகிறது என்று எழுதுவதுதான் அவள் ஆராய்ச்சி. ஐந்து நாள் ஈ இருபது நிமிஷம் தாக்குப்பிடிக்கும். நாற்பது நாள் கிழம் எட்டே நிமிஷத்தில் மல்லாந்துவிடும். விழுந்ததைச் செத்தது என்று எழுதி, சூட்டோடு சூடாகச் சோப்புத் தண்ணீரில் கவிழ்ப்பது அந்த ஆய்வுக்கூடத்து வழக்கம். அவளுக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள்.

ஆய்வேட்டை நாளைக் காலை கொடுத்தாக வேண்டும். கடைசி அட்டவணை ஒன்றை நிரப்ப ஐம்பது கிழங்களை இறக்கினாள். எல்லாம் விழுந்தன. கவிழ்க்கப் போன நேரம் அச்சகத்திலிருந்து போன்: பக்க எண்ணில் குளறுபடியாம். குழாய்களை மேசையில் வைத்துவிட்டு ஓடினாள். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வரும்போது மத்தியானம் மணி மூன்று.

ஒரு குழாயில் ஏதோ அசைந்தது. முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். இறக்கை பாதி கிழிந்த கிழட்டு ஈ ஒன்று, ஒரு காலை நீட்டியது, மடக்கியது, புரண்டது. சாப்பிட உட்காரும் ஆள் போல முன்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டது. பிறகு கண்ணாடியில் ஏறியது. சறுக்கியது. மறுபடி ஏறியது.

அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"அம்மாடி! நீ எப்படி எந்திரிச்ச?" என்று வாய்விட்டே கேட்டாள்.

ஐம்பதில் முப்பத்தொன்று நடமாடிக்கொண்டிருந்தன. கடுகளவு உடம்புக்குள் இவ்வளவு பிடிவாதமா என்று இன்னொரு முறை எண்ணினாள்.

சோப்புத் தண்ணீர்க் கிண்ணம் பக்கத்திலேயே இருந்தது. கூடத்தில் வேறு யாருமில்லை. கவிழ்த்துவிட்டால் பட்டம் கைக்கு வந்த மாதிரி. கை ஒருமுறை கிண்ணம் வரை போய்த் திரும்பியது. பேராசிரியருக்குப் போன் போட்டாள்.

"சார், நாளைக்கு ஆய்வேடு கொடுக்க முடியாது."

"என்னம்மா, விளையாடுறியா?"

"கிழ ஈயெல்லாம் எந்திரிச்சு நடக்குது சார். விழுந்துச்சே தவிர சாகல."

"அப்போ செத்துச்சுன்னு எழுதின ஆறாயிரம் ஈ?"

"சூட்டுல எத்தனை செத்துச்சுன்னு தெரியாது சார். மீதியை நாமதான் கொன்னோம்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"எதையும் கவிழ்த்துடாத," என்றார். "நான் வந்து பாக்கணும்."

அவள் குழாயைப் பார்த்தாள். கிழிந்த இறக்கையோடு அது பஞ்சு அடைப்பு வரை ஏறிவிட்டிருந்தது.