பாலிசி அமலுக்கு வரும் நேரம்

டிப்பர் லாரி வைத்துத் தொழில் தொடங்க என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டால் அக்கா தூக்கத்திலும் ஒப்பிப்பாள். பதிவுச் சான்று, தகுதிச் சான்று, பெர்மிட், புகைச் சான்று, ஓட்டுபவருக்குக் கனரக வாகன உரிமம். வண்டிக் காகிதமெல்லாம் தம்பி பெயரில். உரிமம் மட்டும் அவள் பெயரில். குவாரி ஒப்பந்தக்காரரின் லாரியை ஆறு வருஷம் ஓட்டிக் காய்த்த கை அவளுடையது. பாக்கி இருந்த இன்சூரன்ஸும் அன்று காலை வந்துவிட்டது. ஆனால் அதில் ‘பகல் பன்னிரண்டு மணி முதல்’ என்று அச்சடித்திருந்தது.

“அதுவரைக்கும் வண்டிக்கு எது ஆனாலும் உங்க தலையில. வண்டியால யாருக்கு எது ஆனாலும் அதுவும் உங்க தலையில” என்று ஏஜெண்ட் அழுத்திச் சொல்லியிருந்தார்.

இது ஒப்பந்தக்காரருக்கும் தெரியும்; அவருக்கும் அதே ஏஜெண்ட்தான். இருபது லாரிக்காரர். தன் குவாரிக்குள் இன்னொருத்தர் வண்டி நுழைவது அவருக்கு வயிற்றெரிச்சல். பன்னிரண்டுக்குப் பிறகு உடைத்தால் இன்சூரன்ஸ் கம்பெனி புது வண்டியே வாங்கிக் கொடுத்துவிடுமே! அதனால் அவருடைய ஆட்கள் மூன்று பேர் பதினொன்றரைக்கே வந்தார்கள்.

லாரி பாடி கட்டும் பட்டறையின் பின்பக்கம் நின்றது. தூக்கிச் சோதிப்பதற்காகத் தொட்டியில் அரை லோடு ஜல்லி. அக்கா கேபினில் இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி முன் சக்கரத்தருகே நின்றான். கடப்பாறையைக் கண்டதும் பட்டறை ஆட்கள் சுவரேறிக் குதித்துப் போய்விட்டார்கள்.

முன்னால் வந்தவனுக்குப் பஞ்சர் என்று பெயர். அவன் கை பட்ட டயர் தப்பாது. அக்காவோடு ஒரே குவாரியில் ஓட்டியவன்.

“என்னக்கா, முதலாளியம்மா ஆயிட்டீங்களாமே! ஸ்வீட்டெல்லாம் கிடையாதா?”

“கிட்ட வா, வாயிலயே போடுறேன்.”

“வண்டியத் தொட்டீங்கன்னா...” என்று தம்பி முடிப்பதற்குள் கடப்பாறை அவன் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கேபின்வரை கேட்டது. மண்டியிட்டவனின் தலையில் இன்னொரு அடி. ரத்தம் காதோரம் வழிந்து காலரை நனைத்தது.

மற்ற இருவரும் சம்மட்டியோடு தொட்டிக்குள் ஏறினார்கள். கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில் நின்று தொட்டியைத் தூக்கும் ஜாக்கை மேலிருந்தே உடைக்கத் திட்டம். அது போனால் டிப்பர் வெறும் இரும்புப் பெட்டி. முதல் அடியில் கேபினே அதிர்ந்தது.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். 11:42. இப்போது ஒருவன் செத்தாலும் அவள் தலையில்தான். கீழே பஞ்சர் மூன்றாவது அடிக்குக் கை ஓங்கினான்.

அவள் தொட்டியின் பின்கதவை விடுவித்து லீவரை இழுத்தாள்.

தொட்டி மெதுவாக எழும்பியபோது உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். பாதிக்கு மேல் சாய்ந்ததும் ஜல்லி மொத்தமாகச் சரிந்தது. ஒருவன் பக்கவாட்டில் குதித்து ஓடியே போனான். இன்னொருவன் அலறலோடு ஜல்லிக்கடியில் போனான்.

சத்தம் கேட்டுப் பஞ்சர் திரும்பினான். அதற்குள் அக்கா வீல் ஸ்பேனரோடு குதித்துவிட்டாள். முன்கையில் ஒரே போடு. கடப்பாறை தெறித்தது. முழங்காலில் இன்னொன்று. விழுந்தவனின் முகத்துக்கு நேராக ஸ்பேனரை ஓங்கினாள்.

“அக்கா, வேணாம்! உள்ள இருக்கிறது என் தங்கச்சி புருஷன்கா!”

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு இருவரும் வெறுங்கையால் ஜல்லியை வாரினார்கள். வெளியே இழுத்தபோது அவன் வலது கால் முழங்காலுக்குக் கீழே தப்பான பக்கம் திரும்பியிருந்தது. போன் போட்டதில், ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். தம்பியைக் கூப்பிட்டாள். மூச்சு மட்டும் வந்தது.

தொட்டியை இறக்கினாள். தம்பியைக் கேபினில் கிடத்தினாள். ஒற்றைக் கையும் நொண்டிக் காலுமாகப் பஞ்சர் உதவ, கால் முறிந்தவனைத் தொட்டியில் ஏற்றினாள்.

“அக்கா, மணி இன்னும் பன்னிரண்டு ஆகல. ரோட்ல எங்கயாவது இடிச்சா வண்டியும் போச்சு, உங்க லைசென்ஸும் போச்சு.”

“உங்க முதலாளி நல்லாத்தான்டா பாடம் நடத்தியிருக்காரு. உன் தங்கச்சிகிட்டயும் இதையே போய்ச் சொல்லு. இப்ப ஏறு.”

ஆஸ்பத்திரி வாசலில் கேஸ் எழுதும் போலீஸ்காரர் முதலில் கேட்கப் போவது நேரத்தைத்தான் என்று அவளுக்குத் தெரியும். தம்பியின் தலையைத் தொடையில் தாங்கிக்கொண்டு, ஹாரனை அழுத்தியபடி, பதினொன்று ஐம்பத்தைந்துக்கு லாரியை ரோட்டில் இறக்கினாள்.