மீன்பெட்டியின் மேல் ஒரு கோலம்

சிங்கப்பூர் மார்சிலிங்கில் ஒருத்தி மெத்தைப் போர்வை தைக்கிறாள் என்றால் யாராயிருந்தாலும் ஜன்னல் வழியே ஒரு தடவை எட்டிப் பார்க்கத்தான் செய்வார்கள். பல் தேய்த்து முடிப்பதற்குள் முதுகில் வேர்வை இறங்குகிற ஊர் இது. இங்கே சந்திரமதி இரண்டு துணிக்கு நடுவில் பஞ்சை விரித்து, மூன்றையும் சேர்த்துப் பூவேலை போலத் தைத்துக்கொண்டிருந்தாள். குவில்ட் என்று பெயராம். வெள்ளைக்காரிகள் யூடியூபில் சொல்லித் தருகிறார்களாம்.

“யாருக்கு சந்திரா இது?” என்று அந்த மாடியில் கேட்காதவர்கள் இல்லை.

“தம்பி மவளுக்கு. கிளமெண்டில அவங்க வீட்டுல நாள்பூரா ஏர்கான் ஓடுது லா. பச்சப்புள்ள வெறச்சுப் போயிடாது?”

பதில் உண்மைதான், பாதி உண்மை. மீதிப் பாதியும் எல்லோருக்கும் தெரியும். அவள் சொல்லவில்லை என்பதற்காகத் தெரியாமல் போய்விடுமா என்ன?

தம்பி சுரேந்தரின் மனைவி ரக்ஷனாவுக்குப் பிரசவ லீவு முடியப்போகிறது. குழந்தை வர்ஷாவைப் பகலில் யார் பார்த்துக்கொள்வது? அவர்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேயே ஒரு குழந்தைக் காப்பகம் இருக்கிறது. அதை விட்டால் அக்கா சந்திரமதி. கல்யாணம் ஆகாதவள். அப்பா அம்மா இருவரையும் கடைசிவரை வைத்துப் பார்த்தவள். வேலை செய்த ஃபேக்டரி எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூருக்குப் போய்விட்ட பிறகு டிவியோடு பேசிக்கொண்டிருப்பவள். தன்னை விட்டால் அந்தக் குழந்தைக்கு யார் என்றுதான் அவளும் நினைத்தாள். கிளமெண்டி வீட்டுச் சின்ன அறையில் தன் கட்டில் எந்தச் சுவரோரம் வரும் என்பதுவரை மனசுக்குள் இழுத்துப் போட்டுப் பார்த்துவிட்டாள்.

குறுக்கே நின்றது அவளுடைய மூக்கு.

கோவிட் வந்து போனபோது அவளிடமிருந்து வாசனையை எடுத்துக்கொண்டு போனது. மற்றவர்களுக்குத் திரும்பி வந்தது, அவளுக்கு வரவில்லை. அவளும் பழகிக்கொண்டாள். ஆனால் ரக்ஷனா வயிற்றுப் பிள்ளையோடு ஒருநாள் வந்தபோது, அடுப்பு அணைந்து கேஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தது. பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சந்திரமதி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ரக்ஷனா கத்தவில்லை. அடுப்பைத் திருகி மூடினாள், ஜன்னல்களைத் திறந்தாள், வெளியே போய் நின்றுகொண்டாள். குழந்தை பிறந்த பிறகு பேச்சு வந்தபோது, “மூக்கு சரியாகட்டும் அண்ணி, அப்புறம் பார்ப்போம்” என்றாள்.

மூக்கு சரியாகவில்லை. ஃபோனில் சந்திரமதியே அதைச் சரியாக்கிவிட்டாள்.

“மூக்கு வந்துருச்சுடா தம்பி! நேத்து கீழ் வீட்டுல பிளாச்சான் வறுத்தாங்க பாரு, குப்புனு ஏறுச்சு. அப்படியே உக்காந்துட்டேன்.”

“நெஜமாவாக்கா?”

“உங்கிட்ட பொய் சொல்லி எனக்கென்னடா ஆவப்போவுது?”

ஆகவேண்டியது நிறையவே இருந்தது. அதனால் பிளாச்சான் என்ற அந்த இறால் விழுதின் கதையை லிஃப்டில் சொன்னாள், கிளினிக்கில் சொன்னாள், மார்க்கெட்டில் சொன்னாள். சொல்லச் சொல்ல, கீழ் வீட்டில் பிளாச்சான் வறுத்தது அவளுக்கே ஞாபகம் வர ஆரம்பித்துவிட்டது.

மூக்குக்கு வாய் போதும். கையும் கண்ணும் கவனமும் குறையில்லை என்று காட்ட எதையாவது எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டுமே? அதற்குத்தான் குவில்ட்.

யூடியூப் அம்மாளின் மேசையில் இருந்த சாமான்கள் எல்லாம் கடையில் கிடைக்கின்றன. விலையைப் பார்த்ததும் சந்திரமதி ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். பிறகு வீட்டைச் சுற்றி வந்தாள்.

இந்தத் தையலில் மெஷின் துணியை இழுக்கக் கூடாது. தைக்கிறவள்தான் இரண்டு கையாலும் துணியை இஷ்டத்துக்கு நகர்த்த வேண்டும். எனவே, ஊசிக்கு அடியில் துணியைத் தள்ளும் பல்லை முதலில் மூடியாக வேண்டும். புது மெஷினில் அதற்குப் பொத்தான் உண்டு, இவளுடையது பழசு. செத்துப்போன அப்பா மருதப்பனின் பஸ் கார்டை எடுத்து, ஊசி இறங்க நடுவில் ஓட்டை போட்டு, பல்லின் மேல் டேப்பால் ஒட்டினாள். உயிரோடிருந்தவரை அந்த வீட்டில் யார் வாயையும் அடைக்கத் தெரியாத மனுஷன், இப்போது ஒழுங்காக அடைத்துக்கொண்டு கிடந்தார்.

துணி வழுக்காமல் பிடிக்க, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையின் விரல்நுனிகளை வெட்டி, பத்து விரலிலும் மஞ்சள் தொப்பியாக மாட்டிக்கொண்டாள். போர்வையின் கனம் ஊசியை இழுக்காமல் இருக்க, துணி காயப்போடும் மூங்கிலை அலமாரி மேலிருந்து ஜன்னல் கம்பிக்குக் குறுக்கே வைத்து, எலாஸ்டிக்கில் கிளிப்புகளைத் தொங்கவிட்டுப் போர்வையைத் தூக்கிக் கட்டினாள். பார்க்கிறவர்களுக்கு ஏதோ அடிபட்ட மிருகத்துக்கு வைத்தியம் நடப்பது மாதிரி இருக்கும்.

கடைசியாக மேசை. மெஷினின் தட்டு மேசையிலிருந்து நாலு விரல் உயரத்தில் இருப்பதால், துணி சரிந்து தொங்கும். அதே உயரத்துக்குச் சுற்றிலும் ஒரு மேடை வேண்டும். கனமில்லாமல், வெட்டுவதற்கு இலகுவாக. தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது கண்ணில் பட்டது, ஐஸ் போட்டு மீன் வரும் வெள்ளைத் தெர்மாக்கோல் பெட்டி.

“இது எதுக்குக்கா உங்களுக்கு?” என்றார் மீன்காரர் அப்துல் கஃபார்.

“தையல் மேசை பண்ணப்போறேன் பாய். ரெண்டு குடுங்க.”

“மீன் பெட்டியில தையலா? எடுத்துக்குங்க, எனக்கென்ன. நல்லாக் கழுவிருங்கக்கா. இது உள்ளுக்குள்ள இழுத்து வெச்சுக்கும்.”

கழுவினாள். சோப்பு போட்டு, எலுமிச்சை தேய்த்து, கொதிநீர் ஊற்றி, குறை சொல்ல முடியாதபடிதான் கழுவினாள். கழுவி முடித்ததும், எந்தப் பெண்ணும் செய்வதைச் செய்தாள்: பெட்டியை முகத்தருகே தூக்கி முகர்ந்து பார்த்தாள். ஒரு வாடையும் இல்லை. திருப்தியாகத் துடைத்து வைத்தாள்.

அந்த நேரத்தில் தன் மூக்கு எப்படிப்பட்ட மூக்கு என்பது அவளுக்கு நினைவில் இல்லை. அவ்வளவு பேரிடம் சொல்லியிருந்தாள், பாவம்.

ஒரு பெட்டியை ரொட்டிக் கத்தியால் அறுத்து மெஷினைச் சுற்றிப் பொருத்தினாள். மேலே, கேக் சுடும் தட்டில் விரிக்கும் வழுவழுத் தாளை ஒட்டியதும் துணி வழுக்கிக்கொண்டு ஓடியது. இன்னொரு பெட்டியை வீணாக்குவானேன்? தைத்தது போக மீதி நேரம் தூசி படாமல் போர்வையை அதற்குள் மடித்து வைத்து, மூடியைப் போட்டு அழுத்தினாள்.

தைப்பது வசத்துக்கு வர நாளாயிற்று. போர்வையில் சிக்குக்கோலம் போட நினைத்திருந்தாள். எடுத்த கையை வைக்காமல் ஒரே இழையில் சுற்றி வரும் கோலம், ஊசிக்கும் அதுதானே சௌகரியம்? ஆனால் கோலத்தில் தரை சும்மா கிடக்கும், கை ஓடும். இங்கே ஊசி நின்ற இடத்தில் குத்துகிறது. தரையை நகர்த்திக் கோலம் போட வேண்டும். முதல் சுற்றெல்லாம் குடித்தவன் போட்ட கோலம். பிரித்தாள், மறுபடி தைத்தாள். பிறகு ஒருநாள், மோட்டார் சத்தமும் கையின் ஓட்டமும் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டன. புள்ளியைச் சுற்றி இழை வளைந்து, தன்னையே தாண்டி, கிளம்பிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. சந்திரமதி மஞ்சள் விரல்களை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தாள். எதிர்வீட்டு விசாலாட்சி வந்து நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை.

அந்த மாடியில் எந்த வீட்டுக் குழம்பில் உப்பு கூடியது என்று விசாலாட்சியைக் கேட்டால் போதும்.

“என்ன சந்திரா, முடிஞ்சுதா?” என்று உள்ளே வந்தவள் வாசலிலேயே ஒரு கணம் நின்றாள். புடவைத் தலைப்பை வேர்வை துடைக்கிற மாதிரி மூக்குக்குக் கொண்டுபோனாள்.

“வாங்க விசாலக்கா. எப்படி இருக்கு?”

“அழகா… நல்லாத்தான் இருக்கு.” தூரத்திலிருந்தே சொன்னாள். “கொஞ்சம் வெயில்ல போட்டு எடேன்.”

“சாயம் வெளுத்துரும்கா.”

“ஒரு அலசு அலசிக் குடுக்கலாம்ல? புள்ளைக்கு ஆச்சே.”

“புதுப் போர்வையை யாராச்சும் அலசிக் குடுப்பாங்களா? பஞ்சு திரண்டுக்கும்.”

விசாலாட்சிக்கு அதற்குமேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மூக்கு வந்துவிட்டது என்று புளோக் முழுக்கப் பறைசாற்றியவளிடம் போய், உன் போர்வை கவிச்சி அடிக்கிறது என்றால் என்ன அர்த்தம்? ஒன்று அவளைப் பொய்க்காரி என்கிறாள், இல்லையென்றால் வயிற்றெரிச்சலில் பேசுகிறாள். எதற்கு வம்பு? சொல்ல வேண்டியவளைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சந்திரமதி நல்ல சேலை கட்டிக்கொண்டு, போர்வையைப் பையில் வைத்து, முந்தின நாள் தேக்காவில் வாங்கிய மல்லிகைச் சரத்தை அதன் மேல் சுருட்டி வைத்துக்கொண்டு ரயிலேறினாள். ஜூரோங் ஈஸ்ட் போய் மாற வேண்டும். வண்டியில் கூட்டம். ஆனாலும் பாருங்கள், அவள் உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த பையன் எழுந்து கதவோரம் போனான். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பெண்ணும் எழுந்தாள். காலி இடத்தில் பையை வைத்துக்கொண்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை இல்லை என்கிறார்களே என்று நினைத்துக்கொண்டாள்.

கிளமெண்டியில் ரக்ஷனாவே கதவைத் திறந்தாள். ஏர்கான் போட்டு மூடிய அறையில் வர்ஷா தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டில்மேல் போர்வை விரிந்தது.

“அய்யோ அண்ணி! நீங்களா? அந்தப் பழைய மெஷின்லயா?” ரக்ஷனாவின் குரலில் நிஜமான ஆச்சரியம். விரலால் ஒரு கோலத்தின் இழையைத் தொடர்ந்துகொண்டே போனாள். “ஸோ நீட், அண்ணி. எங்க ஆரம்பிச்சீங்கன்னே தெரியல.”

வர்ஷாவைத் தான் தூக்கிக்கொண்டு அந்த ஜன்னலோரம் நிற்பதைச் சந்திரமதி அந்தக் கணம் கண்ணெதிரே பார்த்தாள்.

ரக்ஷனா இன்னும் குனிந்தாள். நிமிர்ந்தாள். கணவனைப் பார்த்தாள். சுரேந்தரும் போர்வையருகே வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினான்.

“அக்கா,” என்றான். “இதுல ஏதோ வாசனை வருதே?”

இந்தக் கேள்விக்காகத்தானே பூ வாங்கியது!

“வராம? மல்லிடா! ரயிலு பூரா கமகமன்னு வந்துச்சு. எனக்கே தலைவலி வந்துருச்சுன்னா பாத்துக்கயேன்!”

ஏர்கான் மட்டும் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது.

“ஆமா அண்ணி,” என்றாள் ரக்ஷனா. “மல்லிதான்.”

அவ்வளவு மென்மையாகச் சொன்னாள். சுரேந்தர் போர்வையை மடித்து, துணி காயப்போடும் இடத்துக்குக் கொண்டுபோய் வைத்து, கதவைச் சாத்தினான். குழாயில் சோப்பு போட்டுக் கை கழுவினான். திரும்ப வந்து அக்காவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

“தைக்கிறப்போ இத எதுலக்கா வெச்சிருந்தே?”

“பெட்டியிலதான். தூசி படாம.”

“என்ன பெட்டி?”

“தேக்காவுல, கஃபார் பாய் கடையில…”

வாக்கியம் அங்கேயே நின்றது. தன் வாயால் சொன்னதைத் தன் காதாலேயே கேட்டாள் சந்திரமதி. ரயிலில் எழுந்துபோன பையன், எழுந்துபோன பெண், விசாலாட்சியின் புடவைத் தலைப்பு, வெயில்ல போடேன், அலசேன். ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன.

ரக்ஷனா டீ போட்டாள். கேக் வெட்டி வைத்தாள். “காப்பகத்துல இடம் கெடச்சிருச்சு அண்ணி, நேத்துதான் கூப்பிட்டாங்க” என்றாள். நேற்று கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடாமலும் இருந்திருக்கலாம். “நீங்க எப்ப வேணா வந்து வர்ஷாவப் பாருங்க, என்ன?”

எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று விருந்தாளிகளிடம்தான் சொல்வார்கள். சந்திரமதி கேக்கைத் தின்றாள். அதில் இனிப்பு மட்டும் தெரிந்தது.

லிஃப்டுவரை தம்பி கூட வந்தான்.

“மூக்கு வரலன்னு சொல்லியிருக்கலாமேக்கா.”

“சொல்லியிருந்தா?”

அவன் பொத்தானை அழுத்தினான். ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த பொத்தானை மறுபடியும் அழுத்தினான். லிஃப்ட் வந்தது.

மறுநாள் மத்தியானம் விசாலாட்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. “என்ன சந்திரா, போர்வை புடிச்சுதா அவங்களுக்கு?”

“ரொம்ப.”

“அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?” விசாலாட்சி தயங்கினாள், தயக்கத்தை வெகுநேரம் வைத்துக்கொள்கிறவள் இல்லை. “அது வந்து… ஒரு மாதிரி வாடை இருந்துச்சு. சொல்லணும்னுதான் நெனச்சேன்.”

“சொல்லியிருக்கலாமேக்கா.”

“நீதான மூக்கு வந்துருச்சுன்னே?”

சந்திரமதி மெஷின் பக்கம் திரும்பினாள். மெஷினைச் சுற்றியிருந்த மேடையைப் பிரித்தாள். டேப்பை உரித்து அப்பாவின் கார்டை எடுத்தாள். பல் பழையபடி வெளியே வந்தது. எலாஸ்டிக்கை அவிழ்த்தாள். விசாலாட்சி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “கீழ தூக்கிப் போட்டுரு, பூனை வரும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெட்டி மட்டும் மிச்சம். தூக்கிக்கொண்டு வாசல்வரை போன சந்திரமதி நின்றாள். கீழே வைத்தாள். மூடியைத் திறந்து, தரையில் மண்டியிட்டு, முகம் முழுவதையும் உள்ளே விட்டு, நெஞ்சு நிறைய இழுத்தாள். ரயிலில் ஊர்பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் கிடைத்தது, அவளுக்கு ஒரு இழை கிடைத்தால் போதும். குமட்டினாலும் சரி.

ஒன்றுமில்லை. வெள்ளையாக இருந்தது, குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான். மறுபடி இழுத்தாள்.

எதிர்வீட்டு ஜன்னலில் திரை விலகியது. மீன்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருத்தி மண்டியிட்டிருக்கிறாள் என்றால் யாராயிருந்தாலும் ஒரு தடவை எட்டிப் பார்க்கத்தான் செய்வார்கள். சாயங்காலத்துக்குள் மாடி முழுக்கத் தெரிந்துவிட்டது. கிளமெண்டிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லியும் ஆகப்போவது ஒன்றுமில்லை.