ரொட்டியின் மறுபக்கம்

நோவி சாத் நகரில் எங்கள் அலுவலகம் டான்யூப் நதியின் நீர்மட்டத்தைக் கவனிக்கும் மென்பொருளை எழுதுகிறது. அதற்குள் தனியாக ஓடும் ஒரு நிரல் இழை, நதிக்கரைக் கருவி அனுப்பும் எண்ணுக்காகவே காத்திருக்கும். கருவி பேசாவிட்டால் அதுவும் அசையாது. நிறுத்தச் சொன்னாலும் நிற்காது. அந்த டிசம்பரில் வுகாஷின் அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"இணைப்பையே மூடிட்டேன் மிரியானா. அப்பவும் எந்திரிக்க மாட்டேங்குது, கழுதை!"

"நீ இன்னொரு இழையிலேருந்து மூடினா உள்ள இருக்கறதுக்கு எப்படித் தெரியும்? அது பாவம், வரும் வரும்னு உக்காந்திருக்கு."

"அப்ப என்னதான் பண்றது?"

"அது காத்திருக்கிற இடத்துல இன்னொரு சின்ன வழியும் வை. ரெண்டுல எதுல வந்தாலும் முழிச்சுக்கட்டும். நிறுத்தணும்னா, மத்த இழை அந்த வழியில ஒரே ஒரு எழுத்தப் போட்டா போதும்."

எழுதிப் பார்த்தான். இழை சட்டென்று நின்றது. ஆனால் அவன் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"நாளைக்கு எங்க வீட்டு ஸ்லாவா. கெண்டை மீன் வாங்கிட்டேன். வருஷா வருஷம் மாதிரி தாதியாவுக்கும் சேர்த்து."

ஸ்லாவா என்பது குடும்பத்தைக் காக்கும் புனிதரின் திருநாள். தாதியா அவன் தம்பி. மூன்று ஆண்டுகளுக்கு முன், அப்பாவை அடக்கம் செய்த அன்று சண்டை. ஆற்றுக்கு அக்கரையில் இருந்தும் அதற்குப் பின் வரவில்லை.

"ஒரு போன் பண்ணேன்."

"புனிதர் திருநாளுக்கு யாராவது ஆள் கூப்பிடுவாங்களா? வர்றவன் தானா வரணும். அவன் நம்பரையும் அழிச்சுட்டேன்."

"நம்பர அழிச்சவன் மீன் மட்டும் எதுக்கு வாங்குற?"

அவன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மாலையில் பாலம் கடந்து, தாதியா வேலை செய்யும் அடுமனைக்குப் போனேன். அழைக்க எனக்கு உரிமையில்லை. ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு, "உங்க அண்ணன் உங்களுக்கும் சேர்த்து மீன் வாங்கியிருக்கான்" என்று மட்டும் சொன்னேன்.

மாவுக் கையோடு நின்றான். "இந்த வருஷமா?"

"மூணு வருஷமா."

அந்த அளவு மீறலை அவர்கள் வீட்டுப் புனிதரான நிகோலா பொறுத்துக்கொள்வார் என்று வேண்டியபடியே வீடு திரும்பினேன்.

மறுநாள் வுகாஷின் வீட்டில் மெழுகுவர்த்தி எரிந்தது. திருநாள் ரொட்டியை இருவர் பிடித்துச் சுற்றிப் பிய்க்க வேண்டும். அவன் வாசலைப் பார்த்தான். பிறகு, "மிரியானா, நீ பிடி" என்றான். நான் கை நீட்டியபோது வெளியே காலணியிலிருந்து பனியை உதறும் சத்தம் கேட்டது.

கையை இழுத்துக்கொண்டேன்.

தாதியா வந்து ரொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தான். "யாருண்ணே சுட்டது? அடியெல்லாம் கருகிக் கெடக்கு."

"நீ வராம வேற எப்படிடா இருக்கும்?" என்றான் வுகாஷின்.