எந்தப் பக்கம் மேல்

1.
தோள்பட்டை இன்னும் கழன்று விழுகிற மாதிரி வலிக்கிறது. இந்தக் கதை பிறந்ததே அந்த வலியில்தான். நாற்பது கிலோ கேமராப் பெட்டியை இரும்புப் படிகளில் சுமந்துபோய்த் தொலைநோக்கியில் மாட்டியவன் நான்.

‘கருநீலப் பட்டு விரித்தாற்போல் வானம்…’

வேண்டாம். மூட்டை தூக்கிய வீட்டில் பிறந்தவனுக்குப் பட்டு எதற்கு?

2.
அண்ணி இந்த வானாய்வகத்தில் பொறியாளர். காற்று நட்சத்திர ஒளியைக் கசக்கிவிடும். எவ்வளவு கசங்கியது என்று அளக்கப் பக்கத்தில் பிரகாசமான நட்சத்திரம் வேண்டும். இல்லையென்றால் லேசரை அடித்து, தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் படர்ந்திருக்கும் சோடிய அணுக்களை ஒளிரவைத்து நாமே ஒரு போலி நட்சத்திரத்தைச் செய்துகொள்ள வேண்டியதுதான். அதன் ஒளியை என் பெட்டி நூற்றுக்கணக்கான புள்ளிகளாகப் பார்க்கும். புள்ளிகள் நகர நகர, தொலைநோக்கிக்குள் இருக்கும் வளையும் கண்ணாடி எதிராக நெளிந்து கசங்கலை நீவிவிடும். (அண்ணி படித்தால் பாதியை அடித்துவிடுவார்.)

நான் பெட்டியை மாட்டிய அன்றும் சரிவராவிட்டால் லேசரைக் கழற்றி வேறிடம் அனுப்பிவிடுவதாக இயக்குநர் சொல்லியிருந்தார். அது அண்ணியின் ஆறு வருட உழைப்பு.

3.
இருட்டியதும் லேசர் ஏறியது. வளையும் கண்ணாடியை இயக்கினால், திரையில் நட்சத்திரம் கூர்மையாவதற்குப் பதில் உடைந்த முட்டையாகப் பரவியது. இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அண்ணி லேசரை மூடி, கருவிக்குள் இருக்கும் சோதனை விளக்கைப் போட்டு, கண்ணாடியின் ஒரு மூலையை மட்டும் கணினியால் அழுத்தினார். திரையில் எதிர்மூலைப் புள்ளிகள் நகர்ந்தன.

“தலைகீழா மாட்டிட்டோம், தம்பி. உங்க குடும்பத்துக்கே முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது. உங்கண்ணன் சட்டை போடுற லட்சணத்தப் பாத்தவதானே நான்.”

மாட்டிட்டோம். அந்த ‘ஓம்’ இயக்குநர் காதுக்காக; மாட்டியவன் நான் மட்டும்தான்.

பெட்டியைக் கழற்றவில்லை, கணினியில் கணக்கையே அரைச்சுற்றுத் திருப்பினார். மறுபடி லேசர். மங்கிய திட்டு நடுங்கியது, சுருங்கியது, ஊசிமுனைபோல் இரண்டு நட்சத்திரங்களாகப் பிரிந்து நின்றது. இத்தனை காலம் ஒன்று என்று நினைத்திருந்தோம். லேசர் இங்கேயே இருக்கட்டும் என்றார் இயக்குநர். அண்ணி விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். நானும் அடித்தேன்; காற்றுத்தான் வந்தது.

4.
முடிவு அ: நான் ஒப்புக்கொள்கிறேன், அவர் சிரிக்கிறார். (பொய்.)

முடிவு ஆ: யாருக்கும் தெரியாமலே

(இதையும் அடித்துவிட்டேன்.)

நடந்தது இது. பெட்டியில் ‘மேல்’ என்று ஓர் அம்பு. மாட்டும் வளையம் அன்று அரைச்சுற்றுத் திரும்பி நின்றது. வளையத்துக்கு எது மேல் என்று பார்க்காமல் அம்பு கூரையைப் பார்க்கும்படி மாட்டினேன். அம்பு வளையத்தில் மேல்பக்கத்தைக் காட்டும் கோட்டில் நிற்கிறதா என்று கீழிருந்து அண்ணி கேட்டார். நிற்கிறது என்றேன். அறிக்கையில் அவர் எழுதியது: ‘தவறு என்னுடையது.’

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அண்ணிக்கு நான் இன்னும் தராத பாக்கி மூன்றே சொல்: “நான் பாக்கல, அண்ணி.”