எரிச்சல் நின்ற பிறகு

நெஞ்செரிச்சல் நின்றுபோச்சு என்று அப்பா சொன்னபோது வீடே நிம்மதியானது. அந்த நிம்மதிதான் எங்களை ஏமாற்றியது.

அப்பா பெயிண்டர். கதவு, ஜன்னல், இரும்பு கேட் என்று வருஷக்கணக்கில் எண்ணெய்ப் பெயிண்ட்தான். எரிச்சலுக்குக் காரணம் அதில் கலக்கும் தின்னர் வாடை என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டார். சுவருக்கு அடிக்கும் தண்ணிப் பெயிண்டுக்கு மாறினார். எரிச்சல் போனது. மாத்திரையை நிறுத்தினார். முன்பு டாக்டர் தொண்டை வழியே குழாய் விட்டுப் பார்த்து, "உணவுக்குழாய் உள்தோல் மாறியிருக்கு, மறுபடி வந்து காட்டணும்" என்று சொன்னதையும் தூக்கிப் போட்டார்.

"வியாதி பெயிண்டுல இருந்துச்சு. பெயிண்டையே மாத்திட்டேன். உன் டிகிரில இதெல்லாம் சொல்லித் தர்றாங்களா?"

எங்கள் வம்சத்திலேயே முதல் டிகிரி என்னுடையது. மருந்துச் சீட்டை எல்லாம் படிக்கச் சொல்லி என் மூஞ்சிக்கு நேரே நீட்டுவார்கள். நான் சொன்னால் மட்டும் காதில் விழாது. சண்டை போட்டுத்தான் அவரை மறுபடி குழாய் விட்டுப் பார்க்க வைத்தேன். இன்று அதன் முடிவைக் கேட்க ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறோம்.

"எரிச்சல் நின்னது குணமானதால இல்லைங்க," என்றார் டாக்டரம்மா. "ஆசிட் பட்டுப் பட்டு அந்தத் தோல், குடல் தோல் மாதிரி மாறிடுச்சு. அதுக்குச் சுரணை கம்மி. ஆசிட் இன்னும் ஏறிக்கிட்டுதான் இருக்கு."

"இப்ப என்ன?" என்றேன்.

"கிள்ளி எடுத்த சதையில சில செல்கள் தாறுமாறா மாற ஆரம்பிச்சிருக்கு. கேன்சர் இல்ல. ஆகலாம், ஆகாமலும் போகலாம். இன்னொரு நிபுணரும் பார்த்து உறுதி பண்ணினா, அந்த இடத்தைச் சூடு வச்சு எரிச்சிடலாம்."

ஆகும் என்றால் அழலாம். ஆகாது என்றால் வீட்டுக்குப் போகலாம். ஆகலாம் என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"எரியவே இல்லைங்கிறேன், எரியாததைப் போய் எதுக்கு எரிக்கணும்?" அப்பா தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டு எழுந்து வெளியே நடந்தார்.

வராந்தாவில் ஓடிப் பிடித்தேன். "உள்ள வாங்கப்பா."

"சைட்ல ஆளுங்க காத்திருக்காங்க. கத்தாத, ஜனங்க பாக்குது."

"பாக்கட்டும். செத்தாலும் வந்து பாப்பாங்க."

அப்பா பெஞ்சில் உட்கார்ந்து, நெஞ்சுக் குழியிலிருந்து தொண்டை வரை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"முன்னாடியெல்லாம் வியாதி எங்க இருக்குன்னு தெரியும்மா. எரியும்ல," என்றார். "இப்பத் தேடினாலும் கிடைக்க மாட்டேங்குது."

அப்பா பயந்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எரிக்கும்போது நீ இருப்பியா?"

"உள்ள விடமாட்டாங்க. கதவுகிட்ட இருப்பேன்."

அப்பா எழுந்து போய் டாக்டரம்மாவின் கதவைத் தட்டினார். "தேதி குடுங்கம்மா." அவர் காதில் விழ இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"முதல்ல மாத்திரையை ஆரம்பிங்க. அந்த நிபுணர் முடிவு வரட்டும், அப்புறம் தேதி."

"அதுவரைக்கும்?" என்று அப்பா என்னைப் பார்த்தார்.

டாக்டரம்மா நீட்டிய மருந்துச் சீட்டை நான் வாங்கிக்கொண்டேன்.