வழக்கை விட்டவர்கள் சங்கம்

சீசன் முடிந்து ஈக்கள்கூட ஊரைவிட்டுப் போய்விட்ட வேப்பனப்பள்ளி மாங்காய் மண்டியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கை விட்டவர்கள் சங்கம் கூடியது. உறுப்பினர்கள் கவிழ்த்துப் போட்ட கூடைகளில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் மாரிசாமிக்கு மட்டும் நாற்காலி. முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஊரில் பாதிப் பேரைக் கோர்ட்டுப் படி ஏற்றிவிட்டவர் அவர். அதே பாதிப் பேரை இப்போது கைபிடித்து இறக்கிவிடுகிறார். இரண்டுக்கும் ஒரே கோட்டுதான்.

நாராயணம்மா வாசலோரம் நின்றாள். பெண்பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. ஆனால் அவள் புருஷன் திம்மராயன் இன்று வழக்கை விடுகிறான். கண்ணால் பார்க்காமல் அதை நம்ப அவள் தயாராக இல்லை. வரப்பிலுள்ள ஒரு மாமரத்துக்காகப் பக்கத்துத் தோப்பு தீர்த்தகிரியோடு பன்னிரண்டு வருஷமாகக் கிருஷ்ணகிரி கோர்ட்டில் வழக்கு. வாய்தா தோறும் திம்மராயன் சலவை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவான். தோப்பும் மாடும் அவள் தலையில். இன்று ராஜி ஆகாவிட்டால் தேன்கனிக்கோட்டை அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லி, மூட்டையும் கட்டி வைத்துவிட்டாள்.

"அன்பர்களே! வழக்கு என்பது ஒரு வியாதி. அதை வெளியே சொன்னால்தான் தீரும்" என்று தலைவர் தொடங்கிவைத்தார்.

முதலில் கங்கப்பன் எழுந்தான். "வாய்க்கா தகராறு, ஒம்பது வருசம். கோர்ட்டுக்குப் போயி நாலு மாசம் ஆவுது. நேத்துகூட எதுர்க்க இருக்கற கடையில டீதான் குடிச்சேன். உள்ள பார்க்கவேயில்ல."

"டீக்காகவா பதினஞ்சு மைலு போன?" என்றார் தலைவர்.

"டீ நல்லாயிருக்குமுங்க."

யாரும் சிரிக்கவில்லை. அந்த டீயின் ருசி எல்லாருக்கும் தெரியும்.

அடுத்து முனிராஜ். "எனக்கு வேற மாதிரிங்கய்யா. பஸ்ஸுல கண்டக்டர் டிக்கெட்டு கிழிச்சுக் குடுத்தா, சர்ட்டிபை பண்ண நகல் வேணும்னு கேக்கத் தோணுது. போன வாரம் கேட்டுப்புட்டேன். எறக்கி விட்டுட்டான்."

"அவுனு, அவுனு" என்று மூலையிலிருந்து ஒரு ரெட்டியார் தெலுங்கில் ஆமோதித்தார். அவரையும் இறக்கிவிட்டிருக்கிறார்களாம்.

திம்மராயன் எழுந்தபோது கண்ணில் நீர். "பன்னெண்டு வருசம் தோப்பப் பார்க்கல, பெத்த புள்ளைங்களப் பார்க்கல. மரம் தீர்த்தகிரி அண்ணனுக்கே போவட்டும். நா விட்டுட்டேன்!"

கூடைகள் நெரிய எல்லாரும் கைதட்டினார்கள். எதிர்க் கூடையில் இருந்த தீர்த்தகிரி ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டான். நாராயணம்மாவுக்கு நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது. மூட்டையைப் பிரித்துவிடலாம்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தம் கையால் எழுதிய ராஜி மனுவைப் படித்தார். "வாதி, வேப்பனப்பள்ளி திம்மராயன் பாரியாள் நாராயணம்மா..."

"யாரு?" என்றாள் வாசலில் நின்றவள்.

"நீதாம்மா. நிலம் ஒங்கப்பன் குடுத்த சீதனம். வழக்கு உன் பேர்லதான். கைநாட்டு வெச்சிருக்கியே."

"அது ரேசன் கார்டுக்குன்னு இவருதான்..."

திம்மராயன் கூரையைப் பார்த்தான்.

"சரி சரி, இதுலயும் ஒண்ணு வெச்சுடும்மா, தீந்துது" என்று மைப்பெட்டியை நீட்டினான் தீர்த்தகிரி. சந்தோஷத்தில் அவனுக்கு வாய் நிற்கவில்லை. "ஆனாலும் உன் பேருக்கு இருந்த மரியாதைய அந்தக் கோர்ட்டு வராந்தாவுல பார்க்கணும் தாயி! டவாலி போட்ட சேவகன் வந்து நின்னு, நாராயணம்மா, நாராயணம்மா, நாராயணம்மான்னு மூணு தபா கூப்பிடுவான். மரத்துல காக்கா பறக்கும். வக்கீலுங்க வழி விடுவாங்க."

நாராயணம்மா மைப்பெட்டியைப் பார்த்தாள். கல்யாணமாகி இருபது வருஷம். வீட்டில் அவளுக்குப் பேர் 'ஏம்மே'. ஊரில் திம்மராயன் பெண்டாட்டி. அவள் பேரை முழுசாக ஒருவன், அதுவும் சர்க்கார் உடுப்பில், பன்னிரண்டு வருஷமாகக் கூவிக்கொண்டிருந்திருக்கிறான்.

"கூப்பிட்டப்ப யாரு போனது?"

"நாந்தாம்மே" என்றான் திம்மராயன் மெதுவாக.

"அடுத்த வாய்தா என்னிக்கு?"

"நாளைக்குத்தாம்மே. ராஜி மனுவைப் போட்டுட்டா..."

அவள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். விரலில் இன்னும் மையே படவில்லை. "நாளைக்கு நா வரேன். ஒரு தடவை என் காதால கேட்டுக்கறேன். கைநாட்டு அப்பறம் பார்க்கலாம்."

"அப்பறம்னா எப்பம்மே?"

"கேட்டுட்டுதானே சொல்ல முடியும்?"

தலைவர் எழுந்தார். "அம்மா, இது வியாதி! இப்படித்தான் ஆரம்பிக்கும்!"

"ஏம்மே, நா விட்டுட்டேன்மே! எல்லார் முன்னாலயும் விட்டுட்டேன்!" என்று திம்மராயன் கதறினான்.

"நீங்க விட்டுட்டீங்க. நா இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."

கூடைகளில் இருந்த முகங்கள் நாலு மாசமாக இல்லாத ஒரு களையோடு நிமிர்ந்தன. எந்த பஸ், எந்த வக்கீல் என்று கங்கப்பன் முனிராஜின் காதில் கேட்டான்.

பிரதிவாதி தீர்த்தகிரி மைப்பெட்டியை மூடிக்கொண்டே பேசினான். குரலில் உண்மையான அக்கறை இருந்தது.

"மொத பஸ்ஸுக்கே வந்துடு தாயி. பத்தரைக்குள்ள கூப்புடுவாங்க. வெத்தலை நான் கொண்டாறேன்."