குடைப் பைக்கு முப்பது பேர்

கல்லூரியில எனக்கு வெச்ச பேரு 'மாணவத் தொழில்முனைவோர் வழிகாட்டி'. சனிக்கிழமை வேலை, சம்பளம் கிடையாது, ஆறிப்போன டீ உண்டு. அட்டைப்பெட்டிப் பட்டறைய இருபத்திரண்டு வருஷமா நடத்துறேன்னதும் வாயைப் பிளந்தாங்க. நானும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

எனக்கு வாய்ச்சது ஒரு குடைக்காரி. நனைஞ்ச குடையப் போட்டு வைக்க ஒரு பை தைச்சிருந்தா. பஸ்ல பக்கத்து ஆள் மேல சொட்டாதாம். படிப்பை விட்டுட்டு முழுநேரமும் இதைத்தான் பண்ணப் போறாளாம். படிப்பை நிறுத்துற விண்ணப்பத்துல வழிகாட்டியா என் கையெழுத்து வேணும்.

"மொதல்ல முப்பது பேர் வாங்குறேன்னு சொல்லட்டும்"னேன்.

மறுவாரமே பட்டியல் வந்துச்சு. பெரியம்மா, பெரியம்மா மருமக, சின்ன சித்தப்பா, அத்தை, அத்தையோட சம்பந்தி... அடக் கடவுளே! "இது வாடிக்கையாளர் பட்டியலா, குடும்பப் போட்டோவா?" சொந்தத்தையெல்லாம் பேனாவால அடிச்சேன். ஒரு பல் டாக்டர் மிஞ்சினார்.

"இவர் யாரு?"

"அக்காவோட பழகுறவர் சார். வீட்ல இன்னும் சொல்லல."

அவரையும் அடிச்சேன்.

வெளிய மழை வெளுத்து வாங்குச்சு. "வா, முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட வித்துக் காட்டு"ன்னு பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரு மணி நேரம். தொட்டுப் பாத்தாங்க, "நல்லாத்தான் இருக்கு"ன்னாங்க, பஸ் ஏறிப் போயிட்டாங்க. ஒண்ணுகூட விக்கல. அவ மூஞ்சி சுண்டிப்போச்சு. எனக்கு உள்ளுக்குள்ள குஷிதான், வெக்கமில்லாம சொல்றேன்.

"சார், நீங்க ஆரம்பிச்சப்ப வாங்கினவங்கள்ல சொந்தக்காரங்க எத்தனை பேரு?"

பொய் சொல்லியிருக்கலாம். பாழாப்போன வாய் சும்மா இருக்கல. "வாங்கினதே ஒருத்தர்தான். என் மச்சான். செருப்புக் கம்பெனி வெச்சிருக்காரு."

"இப்ப?"

"இப்பவும் அவர்தான்."

"அவர் பெட்டி வேணாம்னுட்டா?"

"அந்த பயத்துலதாம்மா அவர் சொல்ற மொக்க ஜோக்குக்கெல்லாம் சிரிச்சிட்டிருக்கேன்."

அவ விண்ணப்பத்தை நாலா மடிச்சு ஒரு குடைப் பைக்குள்ள வெச்சா.

"கையெழுத்து வேணாம் சார். திங்கக்கிழமை கிளாஸுக்குப் போறேன். தெரியாதவங்க முப்பது பேர் வாங்கட்டும், அப்புறம் பாக்கலாம்." பஸ் வந்துச்சு. படியில நின்னு திரும்பினா. "தேங்க்ஸ் சார். நீங்க சொன்னதுலயே உருப்படியானது இந்த மச்சான் விஷயம்தான்."

போயிட்டா. நல்லதுதான் நடந்திருக்கு, நான் சந்தோஷப்படணும். ஆனா சொந்தக்காரங்கள நம்பாம நிக்க இந்தப் பொண்ணுக்கு ஒரு மணி நேரத்துல வந்த தைரியம் எனக்கு இருபத்திரண்டு வருஷமா வரலையேன்னு வயிறு எரிஞ்சுச்சு.